நூற்று நாற்பத்தேழாம் பாட்டு குடிவந்த வீடு

இது நடந்த ஊருக்கு இன்றைக்கும் தினம் நாலு தடவை பஸ் போகிறது. நம்பாதவர்கள் ஏறிப் போய், தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற இடத்தில் இறங்கி, வேதக்கோயில் கோபுரத்தைக் குறிவைத்து நடந்தால் பெனியேல்புரம் வந்துவிடும். அங்கே யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், ஆனால் நடக்கவே இல்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஊரே ஒரு பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஒன்பது வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் கடைசியில் குருவானவர் "நூற்று நாற்பத்தேழாம் பாட்டு" என்று சொல்ல, சபை எழுந்து நின்று புத்தகத்தை விரித்தால், நூற்று நாற்பத்தாறு இருந்தது, நூற்று நாற்பத்தெட்டு இருந்தது, நடுவில் கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பக்கம் மட்டும் இருந்தது. ஆர்மோனியத்தில் ஜெபநேசன் வாத்தியார் வைத்த விரல் வைத்தபடியே நின்றது. புத்தகம் பார்க்காமல் பாடுகிறவர்கள்தான் அந்த ஊரில் அதிகம். அவர்கள் வாயைத் திறந்தார்கள், திறந்த வாய்க்குள் முதல் சொல்லைக் காணோம். இரண்டு நிமிஷம் எல்லாரும் இருமினார்கள். பிறகு குருவானவர் ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிட்டார்.

வெளியே செருப்பை மாட்டும்போது, "அச்சாபீஸ்காரன் தப்பா இருக்கும்" என்றார் ஒருவர்.

"நாப்பது வருசத்துக்கு முந்தி அச்சடிச்ச புஸ்தகம்டே. நேத்துவரைக்கும் இருந்துச்சுல்லா" என்றார் இன்னொருவர்.

"அப்ப அதுக்கும் வயசாயிட்டு போல."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் கறி வேகிற நேரம் ஆகிவிட்டது, போய்விட்டார்கள்.

ஆனால் அது சும்மா ஒரு பாட்டு இல்லை. கட்டிக்கொடுத்த பெண் வாசற்படி இறங்கும்போது அதுதான் பாடுவார்கள். பெட்டியில் வைத்த ஆளை வாசற்படி இறக்கும்போதும் அதுதான். ஒரு வீட்டைவிட்டு ஓர் ஆள் ஒரேயடியாகப் போகிறார் என்றால், மாப்பிள்ளை வீட்டுக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ எங்கே போனாலும், அந்தப் பாட்டு முன்னே போக, அவர் பின்னே போகவேண்டும் என்பது பெனியேல்புரத்து வழக்கம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அந்த வழக்கம் தவறியதில்லை. தவறியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவன் பெயர் எலியாசர், நவரோஜியின் புருஷன்.

எலியாசர் தூத்துக்குடியிலிருந்து சரக்கேற்றிப் போகும் தோணியில் சமையல் ஆள். போய் மூன்று வாரத்தில் வருவான், வந்து பத்து நாள் இருப்பான், மறுபடி போவான். ஒரு தடவை தோணி வந்தது, அவன் வரவில்லை. விடியக்காலம் தேயிலைத் தண்ணி கேட்டு ஆட்கள் மேலே வந்து பார்த்தால், அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பானையில் தண்ணீர் கொதிக்கிறது, டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கின்றன, ஆளை மட்டும் காணோம். விழுந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு தீவு இருந்தது, நீந்தக்கூடிய தூரம்தான் என்றான் ஒருவன். நீந்தக்கூடிய தூரம் இல்லை என்றான் இன்னொருவன். அதற்கு மேல் ஒரு சேதியும் இல்லை, ஒன்பது வருஷமாக.

அன்றைக்கு நவரோஜி அப்போதிருந்த குருவானவரிடம் போய், "ஐயா, ஒடம்புதான் இல்ல, பாட்டையாவது எங்க வாசல்ல வச்சுப் பாடிருங்களேன்" என்று கேட்டாள். சபைக் கமிட்டி கூடியது. உயிரோடு இருக்கிறவனுக்குப் பாடினால் அவனைச் சாகச் சொன்னது போல ஆகிவிடும் என்றார்கள் பாதிப்பேர். செத்தவனுக்குப் பாடாமல் விட்டால் பாவம் என்றார்கள் மீதிப்பேர். கடைசியில், முடிவு தெரியட்டும் என்று எழுந்து போனார்கள். நவரோஜி இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிற ஆள் இல்லை.

அதிலிருந்து ஊருக்கு அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் போயிற்று. சுமங்கலியாகக் கூப்பிடவும் பயம், தாலியறுத்தவளாக ஒதுக்கவும் மனசில்லை. நீலச் சேலை கட்டினால் "இன்னும் காத்துக்கெடக்கா" என்றார்கள், வெள்ளை கட்டினால் "அவனைக் கொல்லுதாளே" என்றார்கள். அவள் காப்பிப்பொடி நிறத்தில் மூன்று சேலை எடுத்து, அதையே மாற்றி மாற்றிக் கட்டினாள். பக்கத்து வீட்டுப் பியூலா, ஒரே சுவர்தான் நடுவில், தன் மகள் கலியாணக் கடுதாசியைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள். நவரோஜி அதை எடுத்துப் பார்த்தபோது பெண் வாசற்படி இறங்கியாகிவிட்டது. கோபம் என்று யாருக்கும் இல்லை. எதிரில் வந்தால் சிரிப்பார்கள். நின்று பேசத்தான் சொல் கிடைக்காது.

அவளுக்குப் பிழைப்பு கோயில் பாடகர்களின் வெள்ளை அங்கிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது. இருபத்திரண்டு அங்கி. வியாழனன்று துவைத்துக் கொடியில் போட்டால், முற்றம் முழுக்கத் தலையில்லாத பாடகர் கூட்டம் காற்றில் கையை வீசிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து போய்வருவாள். ஒருநாளில் அவள் பேசுகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி கோழியிடம்.

பாட்டு காணாமல்போன அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற மிக்கேலம்மாள் நவரோஜியின் புறவாசலில் கூடையை இறக்கினாள். வேதக்காரியானாலும் அவள் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக்காரி. இவர்கள் பாட்டு அவளுக்குப் பாடமில்லை. தண்ணீர் வாங்கிக் குடிக்க அடுக்களைக்குள் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருக்கா உள்ள பாடுதது?"

"இங்க யாரு இருக்கா பாட?"

"ஏக்கா, வெளையாடாத. தண்ணிப் பானைக்கும் அரிசிப் பானைக்கும் நடுவுல இருந்துல்லா வருது." மிக்கேலம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஒங்காளுவ பொணத்தோட போவும்போது பாடுவாவளே, அது. தேடுமுன் வந்த கிருபையே, என் தாழ்ப்பாள் அறிந்த கிருபையேன்னு. எனக்கே கண்ணுல தண்ணி வருது பாரு."

நவரோஜி பானைகளைப் பார்த்தாள். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது, வெளியே கோழி சீய்க்கிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"வெயில்ல வந்திருக்க. உக்காரு" என்றாள்.

மிக்கேலம்மாள் உட்காரவில்லை. மீனை விற்றபடியே தெருத்தெருவாக, "தொலைச்ச பொருள் இங்க கெடக்கு, வந்து பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். உச்சிப்பொழுதுக்குள் வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. ஜெபநேசன் வாத்தியார் அடுக்களைக்குள் தலையை நீட்டினார், நீட்டிய தலையை எடுக்கவில்லை. இப்போது இருக்கிற குருவானவர், சின்ன வயதுக்காரர், வந்து செருப்பைக் கழற்றி, கைகட்டி நின்று நாலு சரணமும் கேட்டுவிட்டு, வெளியூர்ச் சொந்தக்காரர் வந்திருந்தால் விசாரிப்பது போல விசாரித்தார்.

"எப்பம்மா வந்துச்சு?"

"தெரியலய்யா. வந்ததா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள் நவரோஜி.

யாரும் அதிசயப்படவில்லை. மாடு காணாமல் போனால் எந்தத் தோட்டத்திலோ மேய்கிறது என்று தேடுகிறோம், கிடைத்தால் சரி, அது போலத்தான். பாட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சாயிற்று.

புதன்கிழமை ஊர்ப்பெரியவர் ஒருவர் தொண்ணூற்றோரு வயதில் இறந்துபோனார். பாட்டில்லாமல் எடுக்க முடியாது. ஆகவே பெட்டியைத் தூக்கி, மூன்று தெரு சுற்றி, நவரோஜி வீட்டு வாசலில் இறக்கினார்கள். அடுக்களைக்குள் பதினெட்டுப் பேர் அடைத்துக்கொண்டு நின்று எடுத்துக்கொடுக்க, முற்றமும் தெருவும் வாங்கிப் பாடின. வீட்டுக்குள் கால் வைத்தவர்களுக்கெல்லாம் பாட்டு முழுசாக நினைவுக்கு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாடியபடியே நகர்ந்தார்கள். தெருமுனை முருங்கை மரம்வரைக்கும் பாட்டு வந்தது, மரத்தைத் தாண்டியதும் எல்லார் வாயிலும் ஒரே சமயத்தில் அறுந்தது. முருங்கை மரம்வரைக்கும் பதினேழு தப்படி. அதுதான் எல்லை என்று ஊர் தெரிந்துகொண்டது.

அன்றைக்குத்தான் நவரோஜிக்கும் தெரிந்தது. அவள் அடுப்புத் திண்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். "ஜெபிப்போமாக" கேட்டது. செத்தவர் வீட்டாரின் அழுகை கேட்டது. பிறகு பதினெட்டுப் பேரும் மூச்சை இழுத்தார்கள். அந்த மூச்சுகூடக் கேட்டது. அதன்பிறகு, கதவைச் சாத்தினது போல ஒன்றுமில்லை. வாய்கள் திறந்தன, மூடின, தொட்டிக்குள் மீன் வாயசைப்பது போல. பியூலாவின் கழுத்து நரம்பு புடைத்தது. சொட்டுகிற குழாய் மட்டும் சத்தமாகச் சொட்டியது. எவ்வளவு நேரமோ, கடைசியில் "ஆமென்" என்ற சொல் மட்டும் பெரிய கல்லாகக் காதில் விழுந்தது. எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அவளும் துடைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பாட்டு அந்த மனுஷி வீட்டிலேயே வந்து உட்கார்ந்தும் அந்த மனுஷிக்கே கேட்கவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்பார்கள். அதைவிட, காரணம் இருக்குமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஊர் தரமாட்டேன் என்ற பாட்டு. இப்போது அதுவாகவே வந்து, ஊருக்கெல்லாம் கொடுத்து, தனக்கு மட்டும் இல்லை என்கிறதோ? ஒரே ஒரு தரம் காதில் விழுந்தால் போதும் என்று இருந்தது. காலையில் ஆட்கள் வருமுன் பானைகளுக்கு நடுவே முழங்காலிட்டு, காதை வளைத்து வைத்துக்கொண்டு கிடந்தாள். குளிர்ந்த சுவர். அவ்வளவுதான்.

ஊர் தன் பாட்டுக்குப் பழகிவிட்டது. கோயிலிலிருந்து ஆர்மோனியம் அவள் வீட்டுக்கு வந்தது. முற்றத்தில் இரண்டு பெஞ்சு போட்டார்கள். கலியாணப் பெண்கள் தங்கள் வீட்டு வாசலை விட்டுவிட்டு நவரோஜி வீட்டு வாசற்படியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு இறங்கினார்கள். ஒரே நாளில் ஒரு கலியாணமும் ஒரு சாவும் வந்துவிட, யார் முதலில் என்று தகராறாகி, பெண்வீட்டார், "காத்திருக்க முடியாதது நாங்கதான், அவியளுக்கு இனிமே என்ன அவசரம்" என்று சொல்லி முந்திக்கொண்டார்கள். ஜெபநேசன் வாத்தியார் பாட்டை எழுதிக்கொண்டுபோக நோட்டோடு வந்தார். முருங்கை மரம் தாண்டுமுன் மை காய்ந்து, காய்ந்த மை உதிர்ந்து, வீட்டில் போய்ப் பிரித்தால் வெறும் நோட்டு. கைபேசியில் பிடித்துப் பார்த்தார்கள். குக்கர் விசில் மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது. பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு, ஆவியானவரின் கிரியைதான், ஆனால் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றார்கள். காய்கறி வண்டிக்காரர் இசக்கிமுத்து தினமும் பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்தி ஒரு சரணம் கேட்டுவிட்டு, "எங்க சாமிக்கும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் போனார். பரீட்சைக்குப் போகிற பெண்கள் ஹால் டிக்கெட்டை அரிசிப் பானைமேல் வைத்து எடுத்தார்கள். உளுந்து புடைக்க, வெங்காயம் உரிக்க என்று சும்மாவும் வந்து உட்கார்ந்தார்கள் பெண்கள்.

வந்தவர்களுக்கு நவரோஜி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். வாசலில் செருப்புகளைப் பார்க்க ஆரம்பத்தில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது; ஒன்பது வருஷமாய் ஒற்றை ஜோடி கிடந்த இடம். ஆனால் வந்த எல்லாரும் அந்த மூலையைப் பார்த்தே உட்கார்ந்தார்கள். காப்பி டம்ளரை மூலையைப் பார்த்தபடியே வாங்கினார்கள், மூலையைப் பார்த்தபடியே திருப்பிக் கொடுத்தார்கள். வீடு நிறையத் திரும்பிய முதுகுகள். யாருமில்லாத வீட்டில் தனியாய் இருப்பது ஒரு மாதிரி, அது அவளுக்குக் கைவந்தது. நாற்பது முதுகுக்குப் பின்னால் தனியாய் இருப்பது வேறு மாதிரி, அதற்கு அவளிடம் பழக்கமில்லை.

அசனத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் குருவானவர் வந்தார்.

"சனிக்கிழம காலைல, அசனத்துக்கு முந்தின நாள், ஒங்க முத்தத்துலயே ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிருக்கோம்மா. ஊரே வரும். நீங்க ஒரு சாட்சி சொல்லணும்."

"நான் என்னய்யா சொல்ல?"

"இந்தப் பாட்டு ஒங்க வீட்டுக்கு வந்து ஒங்களுக்கு என்ன செஞ்சுதுன்னு. ரெண்டு வார்த்த போதும்."

சாட்சி என்றால் கர்த்தர் முன்னால் சொல்வது. அதில் பொய் சொல்லக்கூடாது என்பது நடை பழகுமுன் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நவரோஜி ஆறு நாளும் அங்கிகளைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். ஒரு அங்கியின் தோள் கருகிப் பழுப்பாயிற்று. பதினாலு வருஷ வேலையில் முதல் கருகல்.

சனிக்கிழமை காலை ஊர் வந்தது. பெஞ்சு நிறைந்து, பாய் நிறைந்து, தெருவும் நிறைந்தது. குருவானவர் ஜெபித்துவிட்டு, "நம்ம சகோதரி பேசுவாங்க" என்றார். நவரோஜி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். காப்பிப்பொடிச் சேலையின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கலய்யா" என்றாள்.

மைக் இல்லாததால் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து முன்னால் வந்தார்கள்.

"பாட்டு எனக்குக் கேக்கல. முதல் நாள்ல இருந்தே கேக்கல. மிக்கேலம்மா சொன்னப்பவும் கேக்கல, நீங்க எல்லாரும் சேந்து பாடும்போதும் கேக்கல. ஒங்க வாய்தான் தெரியும். அது எனக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டா, நான் என்ன சொல்ல?"

கூட்டத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமேவா கேக்கல?" என்றார் ஜெபநேசன் வாத்தியார்.

"ஆமென் கேக்கும்."

யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கேக்காத ஆள் வீட்டுக்கு அது எதுக்கு வரணும்?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர், மெதுவாகத்தான்.

"ஏன், சத்தமா இருக்க வீட்டுக்கு வந்து அது எங்க உக்காரும்?" என்றாள் பியூலா. அவள் அப்படிப் பேசுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை போல, வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெபநேசன் வாத்தியார் ஆர்மோனியத்தை விட்டு எழுந்தார். நின்ற இடத்திலேயே, யாரைப் பார்க்கிறார் என்று தெரியாமல் பேசினார். "ஒம்பது வருசத்துக்கு முந்தி கமிட்டித் தீர்மானத்த எழுதினது நான். 'முடிவு தெரியும்வரை ஒத்திவைக்கப்படுகிறது'ன்னு, எங் கையெழுத்துதான். எழுதிட்டு வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டேன். இப்ப ரெண்டு மாசமா இந்த முத்தத்துல ஒக்காந்து வாசிக்கேன். காலைல பொண்ணுக்கு வாசிச்ச அதே பாட்ட, சாயங்காலம் பெட்டிக்கு வாசிக்கேன். ஒரு எழுத்துகூட மாத்தல. போற ஆள் எங்க போறாம்னு அந்தப் பாட்டு ஒருநாளும் கேட்டதில்ல. நாமதான் கேட்டோம். எந்த முடிவு தெரியணும்னு ஒத்திவச்சோம்?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஒங்களுக்கு இப்ப பாடட்டுமாம்மா?" என்றார் குருவானவர்.

"அவிய இருக்காவளா இல்லையான்னு பாட்டு எனக்குச் சொல்லவேண்டாம்யா" என்றாள் நவரோஜி. "காதுல ஒருக்கா விழுந்தாப் போதும்."

அன்றைக்கு முதல் தடவையாக அந்த முற்றம் மூலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. மூச்சிழுத்தார்கள். பாடினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த முகங்களும் அவளையே பார்த்தன. ஒன்பது வருஷத்தில் அத்தனை முகங்களை அவள் நேராகப் பார்த்ததில்லை. அதுவே பெரிய காரியம்தான். ஆனால் காதில் ஒன்றும் விழவில்லை. முதல் சரணம் முடிந்திருக்கவேண்டும்; குழாய் சொட்டியது. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள், அவர்கள் மனசு நோகாமல் இருக்க லேசாக ஆட்டினாள்.

அப்போது பியூலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாடுவதை நிறுத்தாமலே நவரோஜியின் வலது கையைப் பிடித்தாள், இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை, அதை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தொண்டை நடுங்கியது. உரலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தால் உலக்கை விழுவது முதுகில் தெரியுமே, அப்படி. ஓங்கியது, தாழ்ந்தது, ஓரிடத்தில் நின்று திரும்பியது. நவரோஜி கையை எடுக்கவில்லை. அசனத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பியூலாவின் மகள் தன் கழுத்தைக் கொடுத்தாள். அதில் நடுக்கம் மெல்லிசு, நூல் கண்டிலிருந்து நூல் போகிற மாதிரி. அடுத்து அடுத்து என்று பெண்கள் வந்தார்கள். யாரும் வரிசை சொல்லவில்லை, வரிசையாகத்தான் வந்தார்கள். ஆண்கள் கூச்சத்தோடு ஒதுங்கி நின்று பாடினார்கள். ஜெபநேசன் வாத்தியார் மட்டும் கிட்ட வந்து, "நானும் ஒங்கப்பா வயசுதான் தாயி" என்று தலையைத் தாழ்த்தினார், அவருடைய பழைய தொண்டையில் பாட்டு ஆர்மோனியத் துருத்தி மாதிரி இழுத்து இழுத்து ஏறியது. கையிலிருந்து கைக்குக் கஞ்சி வாங்குவது போல, ஒரு தொண்டையில் விட்ட இடத்தை அடுத்த தொண்டையில் வாங்கி, இரண்டாம் சரணம், மூன்றாம் சரணம் என்று நவரோஜி போனாள். எந்தச் சரணம் என்று கைக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த வார்த்தைகள் உள்ளங்கை வழியாக ஒவ்வொன்றாக வந்து, தேடுமுன் வந்த கிருபையே என்று நின்றன, என் தாழ்ப்பாள் அறிந்த கிருபையே என்று நின்றன.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. ஒன்பது வாரமாக அது இங்கேயே இருந்திருக்கிறது. அவள் கேட்கிறாளா என்று பார்த்து அது வரவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்து போகவும் இல்லை. அவள் அங்கி தேய்க்கும்போதும், கோழியைத் திட்டும்போதும், சுவரில் காதை வைத்து ஏமாந்து எழுந்த காலையிலும், பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. கடலுக்கு நடுவில் எரிகிற அடுப்புக்குப் பக்கத்திலும் அப்படி உட்கார்ந்திருக்கும். ஒருவருக்கும் கேட்டிருக்காது. கேட்காததால் இல்லை என்று ஆகிவிடுமா?

கடைசிச் சரணம் தொடங்கியபோது வரிசையில் ஆளில்லை. நவரோஜியின் கை அந்தரத்தில் ஒரு நிமிஷம் நின்று, வேறு தொண்டை கிடைக்காமல், தன் தொண்டைக்கே வந்தது. அங்கேயும் நடுங்கியது.

அவள் உதடு அசைவதை முன்வரிசை பார்த்தது. பார்த்தவர்கள் தங்கள் குரலைத் தாழ்த்தினார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் தாழ்த்தினார்கள், தெருவில் நின்றவர்கள்வரைக்கும் தாழ்ந்து தாழ்ந்து, கடைசி இரண்டு அடிக்கு அவள் குரல் மட்டும்தான் இருந்தது என்று சொல்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கை மட்டும்தான் தெரிந்தது.

ஆமென் விழுந்தது.

மறுநாள் ஆராதனையில் புத்தகத்தைப் பிரித்தபோது நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் நாலு சரணமும் இருந்தன, எங்கும் போகாதது போல. ஊர் அதற்கும் அதிசயப்படவில்லை. ஆர்மோனியத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள், பெஞ்சுகளில் ஒன்றை எடுக்க மறந்துவிட்டார்கள். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை கூட்டம் கலைந்ததும் எல்லாருக்கும் அசன வேலை இருந்தது, பதினைந்து மூட்டை அரிசி, மலைபோல் வெங்காயம். பெண்கள் நவரோஜியின் தோளைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். பியூலா போகும்போது, "மதினி, நாளைக்கு என் பக்கத்துல எலை போட்டிருப்பேன், பிந்தாம வந்துருங்க" என்று சொல்லிப் போனாள். வீடு காலியாயிற்று. பழைய அமைதி திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தது.

புறவாசலில் மட்டும் ஓர் ஆள் இருந்தது. மிக்கேலம்மாள் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

நவரோஜி அவளுக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் கோழியைப் பார்த்தார்கள்.

"நான் பாடினேனாமே" என்றாள் நவரோஜி.

"பாடினல்லா."

"எப்படி இருந்துச்சு?"

மிக்கேலம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு யோசித்தாள். பொய் சொல்லி மீன் விற்கிறவள்தான், ஆனால் இதற்கு யோசித்தாள்.

"ராகம் கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சுக்கா. ரெண்டாவது அடில மூச்சு பத்தல. பெரிய அழகுன்னு சொல்லமாட்டேன்."

நவரோஜி தலையை ஆட்டினாள். அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"எனக்கு இன்னும் கேக்கல" என்றாள்.

"தெரியுது."

"ஒனக்குக் கேக்குமா, நான் பாடினா?"

"ஏன் கேக்காது? ரெண்டு காதும் சும்மாத்தான இருக்கு."

"அப்ப இன்னொருக்க பாடட்டா?"

மிக்கேலம்மாள் மடியிலிருந்த கூடையை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"பாடுக்கா. மீனெல்லாம் வித்துத் தீந்தாச்சு. எனக்கு என்ன அவசரம்."